அத்தைமேல் வந்த அம்மன்

ஆடி மாதத்தில் பம்பைச் சத்தம் கேட்டால் ஊருக்கெல்லாம் பக்தி வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளின் நடுவில் நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தை அடுத்த வல்லத்துப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீடு. அவர்களுடைய அக்கா, எங்கள் அத்தை, மாமா செத்தபிறகு எங்களோடு வந்துவிட்டாள். அறுபதைத் தாண்டியவள். வீட்டு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, முழுக்க அவள் கைதான் உடைக்கும். சோறு போடும்போது மட்டும் அவள் ஞாபகம் கடைசியில்தான் எல்லாருக்கும் வரும். தலை சுற்றுகிறது என்றால், வயசாயிடுச்சு. கண் மங்குகிறது என்றால், வயசாயிடுச்சு. ராத்திரியெல்லாம் கால் எரிகிறது என்றாலும் அதேதான். என்ன ஏதென்று கேட்க நாதியில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு அத்தை தானே திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள். போர்டு படிக்க நான் கூடப் போனேன். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு சர்க்கரை வியாதி என்றார். மாத்திரை எழுதித் தந்து, என்னையும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். "மாத்திரை போட்டா உடனே சாப்டணும். பட்டினி கெடக்கக் கூடாது. குப்புன்னு வேர்த்து, கை நடுங்கி, பேச்சு கொழறுச்சின்னா ஜல்தியா சர்க்கரையோ வெல்லமோ குடுங்க. இல்லன்னா உயிருக்கே ஆபத்து."

வீட்டில் வந்து ஒப்பித்தேன். "இது ஒண்ணுதான் கொறச்சலா இருந்துச்சி" என்றாள் அம்மா, புளி கரைத்துக்கொண்டே.

கூழ் ஊற்றும் ஞாயிறு வந்தது. கூழ் ஊற்றி முடியும்வரை வீட்டுப் பெண்கள் வாயில் ஒரு பருக்கை படக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அத்தை பழக்கதோஷத்தில் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டாள். சாப்பாட்டை மட்டும் அம்மனுக்காக விட்டுவிட்டாள்.

கோயில் வாசலில் கேப்பைக் கூழ் அண்டாவில் ஆறிக்கொண்டிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. பம்பை முழங்க முழங்க, நின்ற இடத்திலேயே அத்தை ஆட ஆரம்பித்தாள். ரவிக்கை நனைகிற மாதிரி வேர்த்தது. கை உதறியது. கண் எங்கேயோ நிலைகுத்தி, வாய் குழறியது. யாரோ ஒருத்தி குலவை போட்டாள். அவ்வளவுதான், "அம்மா வந்துட்டா!" என்று கூட்டமே அவளைச் சுற்றிக்கொண்டது.

தலையில் மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டினார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். வருஷம் முழுக்க வாயைத் திறந்து அக்கா என்று கூப்பிடாத சித்தப்பா நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தார். "தாயே, புதுசா வெட்டன கெணத்துல தண்ணி ஊறுமா?" அவள் என்னவோ முனகினாள். "ஊறுமாம்!" என்று எழுந்தார். அடப்பாவி மனுஷா! அவளுக்கு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, உனக்குக் கிணறு கேட்கிறதா?

"சாமி இல்ல, அது சர்க்கரை! வெல்லம் குடுங்க, டாக்டர் சொன்னாரு!" என்று கத்தினேன். அப்பா முதுகில் ஒன்று வைத்தார். "வாய மூடு. சாமி குத்தம் ஆயிடும்."

அத்தையின் கால் மடங்கியது. படையலுக்கு வைத்திருந்த பானகச் சொம்பு கண்ணில் பட்டது. வெல்லத் தண்ணீர்தானே! தூக்கிக்கொண்டு ஓடினேன். படைக்காததைத் தொட்டுவிட்டேன் என்று சித்தி என் சடையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் சொம்பை அத்தை வாயில் வைத்துவிட்டேன். பாதி மாரில் வழிந்தது, பாதி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "ஏன்டி என்னிய இப்படி நனைச்சி வெச்சிகினு இருக்கீங்க?" என்றாள்.

"அம்மா பானகத்த வாங்கிக் குடிச்சிட்டு மலையேறிட்டா" என்றார் பூசாரி. எனக்கு முதுகு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் அத்தைக்குத்தான் முதல் சோறு, அதுவும் ஆவி பறக்க. சித்தப்பா வாய்க்கு வாய் அக்கா என்றார். மாத்திரை வாங்கித் தர மட்டும் எவரும் அசையவில்லை, சாமிக்கு எதற்கு மாத்திரை? நாங்களேதான் திண்டிவனம் போனோம். நடந்ததைக் கேட்டு டாக்டர் எகிறினார். "இன்னொரு தபா இப்படி ஆச்சின்னா பொழைக்க மாட்டீங்கம்மா!" அத்தை நன்றாகத் தலையாட்டினாள்.

பொங்கல் தாண்டுவதற்குள் மரியாதை ஆறிப்போனது. அத்தை மறுபடியும் கடைசிச் சோற்றுக்கு உட்கார்ந்தாள்.

அடுத்த ஆடி. கூழ் ஊற்றும் நாள் காலையில் அத்தை மாத்திரையை விழுங்குவதைப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கஞ்சி கொண்டுபோனேன். தள்ளிவிட்டாள். "அத்தே, செத்துப் போயிடுவ!" என்று அழுதேன். முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டே என் உள்ளங்கையில் ஒரு வெல்லக்கட்டியை வைத்து மூடினாள்.

"கிட்டயே நின்னுகினு இருடி. நான் கீழ விழுந்தாதான் குடுக்கணும். அதுக்கு முன்னால குடுத்துடாத."

அன்றும் விழுந்தாள். கொடுத்தேன். எழுந்தாள். சித்தப்பா அவள் காலில் விழுந்து கிடந்தார். எனக்கு அத்தைமேல் அப்படி ஒரு கோபம், ராத்திரிவரை அவளோடு பேசவில்லை. ஒரு தட்டுச் சுடுசோற்றுக்கும் அக்கா என்ற ஒரு வார்த்தைக்கும் அவள் எமன் வாசல்வரை போய்வர வேண்டியிருந்தது என்பதும், அந்தக் கோபம் யார்மேல் வந்திருக்க வேண்டும் என்பதும் அந்த வயசில் எனக்குத் தெரியவில்லை.