ஒரே பெயரில் இரண்டு டிஸ்க்

அக்காவை நினைத்தால் முதலில் எனக்குக் கேட்பது செருப்புச் சத்தம்தான். அதுவும் போன் வழியாக. கணியம்பாடியில் அவர் வீட்டு சிமெண்டு வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டேதான் பேசுவார். ரப்பர் செருப்பு டப் டப்பென்று அடிக்கும். நான் இங்கே மலையில், புதூர்நாட்டுக்கு மேலே, சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே பாறையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சத்தம் கேட்கும்வரை கவலையில்லை. நின்றுவிட்டால் நான் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிடுவேன். அவர் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தோம், அவ்வளவுதான். என்னைவிட வயதில் கொஞ்சம் மூத்தவர், வேலைக்கு என்னைவிடப் பின்னால் வந்தவர். குழுவில் எல்லோரும் அவரை ஸ்டோரேஜ் அக்கா என்றுதான் சொல்வோம். சென்னை அலுவலகத்தில் இருந்த நாட்களில் அவரோடு நான் சண்டை போடாத வாரம் கிடையாது. ஊரடங்கில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய பிறகு அவர் அடிவாரத்திலும் நான் மலையிலுமாக, போனில் அதே சண்டையைத் தொடர்ந்தோம்.

எங்கள் வேலையை இந்த ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. என் அப்பாவுக்கு நான் சொன்ன விளக்கம் இது. எங்கேயோ ஒரு பெரிய கணினி இருக்கிறது, மெயின்ஃப்ரேம் என்று பெயர். அந்த ஒரு கணினிக்குள் நூற்றுக்கணக்கான கணினிகள் குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தான்தான் முழு வீட்டுக்கும் சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி நினைக்கவைப்பது என் வேலை. அவை எழுதி வைப்பதெல்லாம் போய்ச் சேரும் டிஸ்க்குகள் பொதுவில் இருக்கின்றன. யாருக்கு எந்த டிஸ்க், யார் எழுதலாம், யார் படிக்க மட்டும் செய்யலாம் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது என் கணக்கு. டிஸ்க்குகளையே பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, இதற்கு எதற்குப் பாறை மேல் ஏறி உட்காருகிறாய் என்று கேட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது நின்றுபோனால் எல்லோரையும் ஒரே போன் அழைப்பில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு குழுவும் தன் திரையைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் பச்சை என்று சொல்லும். பச்சை விளக்கு எரிகிறது, தவறு எங்களுடையதில்லை என்று பொருள். நெட்வொர்க் பச்சை. டேட்டாபேஸ் பச்சை. ஸ்டோரேஜ் பச்சை. எல்லோரும் பச்சையாக இருக்க, வாடிக்கையாளரின் வேலை மட்டும் நின்றுகிடக்கும். இப்படிச் சொல்லி நழுவுவதில் நானும் லேசுப்பட்டவன் இல்லை. அக்கா மட்டும் பச்சை என்று சொன்ன பிறகும் போனை வைக்க மாட்டார். நடந்துகொண்டே இருப்பார். "பச்சன்னா ஆச்சா? எங்கியோ ஒண்ணு கீதுப்பா" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அவருடைய நிம்மதியின்மை எனக்கும் தொற்றிக்கொள்ளும், அன்று சாப்பாடு இறங்காது.

நான் கல்லூரியிலிருந்து நேராக எடுக்கப்பட்டவன், முதல் வருடமே நிரந்தரம். அக்கா ஒப்பந்தத்தில் வந்தவர். வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். என்னைவிட இரண்டு மடங்கு வேலை செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கடைசியில் ஒரு பங்குனி மாதம், இந்த மாதக் கடைசிக்குள் நிரந்தர உத்தரவு வந்துவிடும் என்று மேலாளர் வாயாலேயே சொன்னார். அக்கா வீட்டில் சொல்லியிருக்கிறார். அவருடைய மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். "எங்க அத்த லட்டு வேற குடுத்துட்டாங்கப்பா, இன்னும் கைல காகிதம் வரல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பயம் இருந்தது எனக்குத் தெரிந்தது.

அந்த மாதத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

கடல் தாண்டிய ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனியின் கணினியை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். யாருக்கு அறுவை சிகிச்சைக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்ற முடிவுகள் எல்லாம் அதில்தான் பதிவாகும். பராமரிப்புக்காக அதை ஒருமுறை நிறுத்தித் திரும்பக் கிளப்ப வேண்டியிருந்தது. கிளப்பியது நான். புளி உலுக்கும் காலம். என்னைச் சுற்றிப் பாறை முழுக்க எங்கள் வீட்டுப் புளி காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவும் சித்தியும் ஒரு பக்கம் ஓடு தட்டிக்கொண்டிருந்தார்கள். கணினி அழகாக எழுந்தது. எல்லாக் குடித்தனங்களும் கண் விழித்தன. ஆஸ்பத்திரிகளுக்கு ஞாயிறு ஏது, ஆட்கள் உடனே உள்ளே வந்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். நான் லேப்டாப்பை மூடலாம் என்று இருந்தேன்.

முதல் புகார் சிறியதாக வந்தது. வியாழக்கிழமை அனுமதி கொடுத்த ஒருவருடைய பதிவைக் காணவில்லை. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. வியாழன், வெள்ளி, சனி என்ற நாட்களே அந்தக் கணினிக்கு நடக்காததுபோல் இருந்தது. எல்லோரையும் அழைப்பில் சேர்த்தார்கள். வழக்கம்போல் பச்சை, பச்சை, பச்சை. அக்காவும் பார்த்துவிட்டுப் பச்சை என்றார். கடைசியாகத் தொட்டவன் நான், அதனால் எல்லோருடைய குரலும் என் பக்கம் திரும்பியது. கிளப்பும்போது என்ன செய்தாய், எதை விட்டாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் செய்ததை முதலிலிருந்து வரிசையாகத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி தூரத்திலிருந்தே, "இன்னாடா, மிஷினு படுத்துக்கிச்சா?" என்று கேட்டார். நான் அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

அப்போது செருப்புச் சத்தம் நின்றது.

அக்கா இங்கிலீஷில்தான் தொடங்கினார். பாதியில் அது நழுவி எங்கள் பக்கத்துத் தமிழுக்கு வந்துவிட்டது. "சார், எல்லாத்தையும் நிறுத்துங்க. யாரும் எழுதக் கூடாது. மேல வந்து குந்திக்கினு கீறது என்னோட காப்பி."

நடந்தது இதுதான். புதன்கிழமை ஒரு சோதனைக்காக அக்கா அந்த டிஸ்க்கை அப்படியே நகலெடுத்திருக்கிறார். எங்கள் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு, லேபிள் என்போம். நகல் எடுத்தால் லேபிளும் சேர்ந்து நகலாகும். உடனே நகலுக்கு வேறு லேபிள் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் அவரை வேறொரு கோளாறுக்கு இழுத்துவிட்டார்கள், திரும்பி வந்து மாற்ற மறந்துபோனார். கணினி ஓடிக்கொண்டிருக்கும்வரை இந்தத் தவறு யாருக்கும் தெரியாது. நிறுத்திக் கிளப்பும்போது கணினி லேபிளைச் சொல்லித்தான் டிஸ்க்கைக் கூப்பிடும். எங்கள் ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவர் வருவார். அப்படித்தான் அன்றும் ஆயிற்று. புதன்கிழமையோடு நின்றுபோன நகல் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது, உண்மையான டிஸ்க் வெளியே சும்மா நின்றது. இரண்டுமே ஆரோக்கியமான டிஸ்க்குகள். அதனால்தான் அக்காவின் திரை பச்சை காட்டியது. அது பொய் சொல்லவில்லை.

நிச்சயமாகத் தெரியுமா என்று மேலாளர் கேட்டார். கணினியை நிறுத்தினால் வாடிக்கையாளர் கொதித்துப் போவார், நிறுத்திய பிறகு காரணம் வேறு என்று தெரிந்தால் இன்னும் மோசம். அக்கா சொன்னார்: "நிச்சயம் இல்ல சார். பாத்துட்டு சொல்றதுக்குள்ள அவங்க எழுதிக்கினே இருப்பாங்க. பழசு புதுசு ரெண்டும் கலந்துட்டா அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது. எவனோ ஆப்பரேசனுக்கு காத்துக்கினு இருப்பான் சார்."

மேலாளர் அதற்குமேல் கேட்கவில்லை. நிறுத்தினார்கள். அக்கா சொன்னதுதான் சரி. நகலை விலக்கி உண்மையான டிஸ்க்கை உள்ளே கொண்டுவந்தோம். நகலில் எழுதப்பட்டுவிட்ட கொஞ்சத்தை மட்டும் கையால் திரும்பப் போட்டார்கள். ஒரு பதிவுகூடப் போகவில்லை. இன்னும் சிறிது நேரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நான் பாறையிலிருந்து இறங்கி வரும்போது காய்ந்த புளியை மிதித்துக்கொண்டு வந்ததற்கு அம்மா திட்டினார். அக்கா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்னை உலுக்கியிருப்பார்கள். ஆனால் நிரந்தரமான என் வேலை போயிருக்காது. அதை அப்போது நான் நினைக்கவில்லை.

மாதக் கடைசி வந்தது, உத்தரவு வரவில்லை. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. நான் மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். அக்காவின் தவறு என்று எழுத்தில் பதிவாகிவிட்டது, நடைமுறை என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த நிரந்தர இடம், அன்று அழைப்பில் பச்சை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கடைசிவரை மௌனமாக இருந்த ஒருவருக்குப் போயிற்று. நகலுக்கு உடனே புது லேபிள் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். குழு கற்றுக்கொண்ட பாடம் வேறு. அதற்குப் பிறகு எங்கள் அழைப்புகளில் யாரும் தன் தவறைத் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்கா இப்போது கணியம்பாடியில் இ-சேவை மையம் நடத்துகிறார். பட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று. வேலூர் போகிறபோது ஒருமுறை இறங்கிப் பார்த்தேன். உட்கார நாற்காலி இருந்தும் நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு பெரியவரின் விண்ணப்பத்தில் எழுத்து சரியாக ஏறியிருக்கிறதா என்று திரையில் திரும்பத் திரும்பப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு ஏனக்கா சொன்னீர்கள், உங்கள் பக்கம்தான் பச்சையாக இருந்ததே என்றேன்.

"பச்சையாதான் இருந்திச்சி," என்றார். "அதப் பாத்துதான் எனக்கு பயம் வந்திச்சி. கம்முனு இருந்தா யாருக்கும் தெரியாதுன்னு அந்த லைட்டே சொல்ற மாதிரி."

வருத்தமில்லையா என்றேன். ஏன் இல்லாமல், என்றார். அத்தையோடு தெருவில் நடக்கவே பல மாதம் கூச்சமாக இருந்தது என்றார். அதோடு அடுத்த ஆள் வந்துவிட்டார்.

போன வாரம் எங்களுக்கு மறுபடி ஒரு கோளாறு. இந்த முறை பதிவுகள் காணாமல் போகவில்லை, சிதைந்தன. ஒருவருடைய பெயரில் இன்னொருவருடைய எண், பாதி வரி, அர்த்தமில்லாத எழுத்துகள். அழைப்பில் சேர்ந்தோம். பச்சை, பச்சை, பச்சை. நானும் பச்சை என்றேன். சொல்லி முடித்த அடுத்த நொடியே எனக்குள் ஏதோ இடறியது. ஒரு டிஸ்க்கில் ஒருவர்தான் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. முந்தின வாரம் ஒரு மாற்றத்துக்காக நான் ஒரே டிஸ்க்கில் இரண்டு கணினிகளுக்கு எழுத அனுமதி கொடுத்திருந்தேன். அந்த அனுமதியைத் திரும்ப எடுத்தேன் என்றுதான் நினைவு. எடுத்தது இந்த டிஸ்க்கிலிருந்துதானா, வேறொன்றிலிருந்தா? தேடிப் பார்க்க நேரம் பிடிக்கும். அதுவரை எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

மைக்கை மூடிவிட்டுப் பாறையில் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். லேப்டாப்பிலிருந்து ஆட்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கீழே ஜீப் ஒன்று பலாப்பழம் ஏற்றிக்கொண்டு திணறியபடி ஏறியது. நான் கைபேசியை எடுத்து அக்காவுக்கு அடித்தேன். எதற்கு அடித்தேன் என்று எனக்கே தெரியாது. கடையில் கூட்டம், பின்னால் பிரிண்டர் ஓடும் சத்தம். நடந்ததை வேகமாகச் சொன்னேன். நிச்சயமாகத் தெரியவில்லை அக்கா, என் தவறாக இல்லாமலும் இருக்கலாம் என்றேன். அவர் யாரிடமோ, கொஞ்சம் இருங்கள் என்று சொல்வது கேட்டது. பிறகு கோபமே இல்லாமல், உண்மையிலேயே புரியாதவர்போலக் கேட்டார்.

"நீ பர்மனென்ட்டுதானப்பா. உனுக்கு இன்னா பயம்?"

கைபேசியை வைத்துவிட்டு லேப்டாப் முன்னால் வந்து குனிந்தேன். மேலாளர் அடுத்து எந்தக் குழுவைக் கேட்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். மைக்கைத் திறந்து, நிறுத்துங்கள், என் பக்கமாக இருக்கலாம் என்றேன்.