அப்பாவுக்கு நான் ஊட்டிவிட்ட நாட்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, அம்பத்தூர் மேனாம்பேட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது நடந்தது இது. ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிர் தப்பியது. ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது.

அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் மெஷினில் நின்று வேலை பார்த்தவர். அம்மா போன பிறகு எங்களோடுதான் இருந்தார். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவரைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். ஊட்டிவிடுவேன், சட்டை பட்டன் போட்டுவிடுவேன், டம்ளரை வாயருகே பிடிப்பேன். இப்படி ஒரு மகளா என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமைதான்.

டாக்டர் பிசியோதெரபி எழுதிக் கொடுத்திருந்தார். தைலம் தேய்த்துக் கைகாலை நீவிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் என்னைவிடச் சின்னப் பெண். தென்காசிப் பக்கம் ஊர். நான் எடுத்துவைத்த தைலத்தைத் தொடவே இல்லை. அப்பாவை நாற்காலியிலிருந்து எழச் சொன்னார், உட்காரச் சொன்னார், மறுபடி எழச் சொன்னார். ஒரு கிண்ணத்தில் கொண்டைக்கடலையைக் கொட்டி, வலது கையால் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார்.

"மூளையில ஒரு வழி அடைபட்டுப் போச்சுக்கா. திரும்பத் திரும்ப அவரே செஞ்சாத்தான் மூளை வேற வழியத் தேடும். நாம செஞ்சு குடுத்தா அது சும்மா இருந்துக்கிடும்" என்றார்.

சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் போனதும் பழையபடி ஊட்டிவிடுவேன்.

அது அவருக்குத் தெரிந்துவிட்டது. பத்து நாள் கழித்து, காலைச் சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தார். என்னை எதிரே உட்காரவைத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்பா இட்லியைப் பிட்டார். அது வாய்வரை போகாமல் மடியில் விழுந்தது. இன்னொரு முறையும் அப்படியே. லுங்கியெல்லாம் சாம்பார். மூன்றாவது முறை அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுவிட்டார்.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் ஊட்டிவிட்டேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, "நாளைலேர்ந்து நீங்க வர வேணாம். எங்க நைனாவ அழ வைக்கிறதுக்கு ஒரு ஆளு தேவையில்ல" என்று சொல்லிவிட்டேன். அவர், அப்பா படுக்கும்போது வலது தோளுக்கு அடியில் தலையணை எப்படி வைக்க வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டுப் போனார்.

நான்கு நாள் கழித்து, ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது உள்ளே யாரோ எண்ணுகிற சத்தம் கேட்டது. கதவைத் தள்ளினேன். அப்பா இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தானாக எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். "ஆ...று... ஏ...ழு..." சட்டை முழுக்க வியர்வை. எட்டில் முழங்கால் மடங்கியது. நான் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். வராதே என்று தலையை ஆட்டிவிட்டு, கம்பியை இறுக்கிப் பிடித்து நின்றுவிட்டார்.

"இன்னா நைனா இது, தனியா நின்னுகினு கீற. உயுந்தா இன்னா ஆவறது?"

"உயுந்தா... எய்ந்துக்கிறேன்." மூச்சு வாங்கினார். "அந்தப் பொண்ண... வர சொல்லும்மா. நீ ஊட்டி ஊட்டி... என்ன குந்த வச்சிட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அது இன்னும் உறைத்தது.

அன்றைக்கே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்த என்னை அவர் முடிக்க விடவில்லை. "அது கெடக்கட்டும்க்கா. இந்த நாலு நாள்ல தோள் வலின்னு சொன்னாரா?" என்றுதான் கேட்டார்.

மறுநாளிலிருந்து மறுபடி வந்தார். முதல் தடவை அப்பா தன் கையால் ஒரு முழு இட்லி சாப்பிட்டு முடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. எதிரே சும்மா உட்கார்ந்திருந்த அந்த நேரம்தான் எனக்கு மிகக் கடினமான வேலையாக இருந்தது. ஐந்து மாதத்தில் கைத்தடியோடு தெருமுனை டீக்கடைக்குத் தனியாகப் போய்வர ஆரம்பித்தார். விரல்கள் முழுதாகத் திரும்பவில்லை. பட்டனைத் துளை மாற்றிப் போட்டுக்கொள்வார். நான் சரிசெய்யப் போவதில்லை.

பாசம் என்று நினைத்து நான் செய்ததில் பாதி, அவர் கஷ்டப்படுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாததால் செய்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளானது. இப்போதெல்லாம் யாருக்கும் உதவப் போகுமுன், இது அவருக்காகவா எனக்காகவா என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்கிறேன்.