கயிறும் லித்தியமும்

கடலூரில் ஒரு மருத்துவமனை நடையில் என் தம்பி செல்வத்தோடு உட்கார்ந்திருந்தேன். மனநலப் பிரிவில், "மொதல்ல குடிய விட்டுட்டு வரச் சொல்லுங்க" என்றார்கள். குடிநோய் மையத்தில், "மனநோய் இருக்கறவங்கள நாங்க சேக்கறதில்லம்மா" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். இரண்டு இடமும் எங்களைப் பந்தாடின.

நான் அண்ணாமலை நகரில் மருந்தியல் துறைப் பேராசிரியை. மனநோயும் போதைப்பழக்கமும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் நிலைதான் என் ஆய்வு. இரண்டுக்கும் ஒன்றாகவே சிகிச்சை தர வேண்டும் என்று வகுப்பில் தொண்டை வறளச் சொல்கிறவள். ஊருக்கு உபதேசம் செய்கிறவளின் வீட்டு நிலை இது.

செல்வத்துக்கு இருமுனைக் கோளாறு (மனம் சில காலம் அளவு மீறிய வேகத்திலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும் நோய்). சோர்ந்தால் குடிப்பான், குடித்தால் சோர்வு கூடும். கடைசியில் சிதம்பரத்தில் ஒரு மருத்துவர் இரண்டையும் சேர்த்தே பார்க்க ஒப்புக்கொண்டு, லித்தியம் (மனநிலையின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து) தொடங்கினார். அவன் முகம் தெளிந்தது.

அந்தத் தெம்பில் அவன் மனைவி வீட்டார் அவனை அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டினார்கள். ஒரு வருடம் எந்தப் போதையும் தொடமாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. நானும் சந்தோஷப்பட்டேன். சத்தியத்தை அவன் மீறவே இல்லை.

சில வாரங்களில், நீதிமன்ற வாசலில் தட்டச்சு செய்து பிழைக்கும் என் தம்பி, வழக்குக்கு வந்தவர்களுக்கெல்லாம் தானே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தான். முதலில் சிரித்தார்கள், பிறகு அடித்தார்கள். மறுபடியும் மருத்துவமனை. ரத்தத்தில் லித்தியமே இல்லை என்றார்கள்.

"மாத்திரைய ஏன்டா நிறுத்துன?"

"எந்தப் போதையும் தொடமாட்டேன்னுதானக்கா சத்தியம் பண்ணேன். அது தலைய கிறுகிறுன்னு ஆக்குது. போட்டா சாமிய ஏமாத்துன மாதிரி ஆவாதா?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. யார் மேல் கோபப்படுவது? உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், குடியை விட்டுவிட்டாரே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மாத்திரை போடுகிறாரா என்று கேளுங்கள்.

மருத்துவர் கயிற்றைக் கழற்றச் சொல்லவில்லை. "அது அவருக்கு வேலை செய்யுதும்மா, இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் தேறியதும் அதே கோயிலுக்கு அழைத்துப்போனேன். மாத்திரை அட்டையை அம்மன் காலடியில் வைத்து எடுத்து, அங்கேயே அவனிடம் கொடுத்தேன். என் மாணவர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அவன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான்.

இப்போது அவன் கை லேசாக நடுங்குகிறது, மருந்தின் பக்கவிளைவு. ரத்தத்தில் மருந்தின் அளவை அவ்வப்போது பரிசோதிக்கிறோம். போனில் என்ன சொல்கிறான் என்பதற்கு முன்பே, எவ்வளவு வேகமாகச் சொல்கிறான் என்று என் காது கவனிக்கிறது. கொஞ்சம் வேகம் கூடினாலும் மாத்திரை போட்டாயா என்று கேட்டுவிடுகிறேன். இப்படிக் காவலிருந்து எனக்கு அலுத்துவிட்டது.

போன வாரம் கேட்டான்: "கயிறு அவுக்கற நாள் வருதேக்கா. மாத்திரையும் அதோட முடிஞ்சுதா?"

வாழ்நாள் முழுக்கடா என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "இல்லடா" என்று மட்டும் சொன்னேன்.

"சரி, அப்ப இன்னொரு வருசத்துக்குக் கட்டிக்கறேன்" என்றான்.

முன்பெல்லாம் இவன் என்றைக்குக் குணமாவான் என்றே யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது, ஒரு வருடம் என்றதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.