பரணில் கிடந்த சாரி கார்டு

பழைய காலத்து வடிவில் வரும் ஒற்றை சிலிண்டர் பைக் ஒன்றை என் கணவர் வாங்கினார். நிமிர்ந்து உட்காரலாம், பள்ளத்தில் இடுப்பு வலிக்காது என்பதால் எனக்கும் பிடித்திருந்தது. ஒரே வாரத்தில், அழகைக் கெடுக்கிறது என்று பின்சக்கரத்தை மறைத்த சாரி கார்டைக் கழற்றிப் பரணில் போட்டார். 'டப் டப்' சத்தம் போதவில்லை என்று சைலன்சரையும் மாற்றினார்.

போன மாதம் அணுபுரத்திலிருந்து மாமல்லபுரம் போகும்போது என் துப்பட்டா சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கியது. கத்தினேன், அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. முதுகில் குத்தினேன், வேகமாகப் போகச் சொல்கிறேன் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை இன்னும் முறுக்கினார். நைந்த பருத்தித் துணி என்பதால் கிழிந்தது, பிழைத்தேன். வண்டியை நிறுத்தியவர், "ஏன் அடிக்கிற?" என்று கேட்டார்.

மறுநாள் சாரி கார்டை நானே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

"இத்த மாட்டுனா லுக்கே பூடும்க்கா" என்றார்.

"லுக்கு போகட்டும், என் கழுத்து இருக்கட்டும்."

பழைய சைலன்சரும் திரும்ப வந்தது. அந்த வண்டியின் அதிர்வில் நட்டு கழன்றுவிடும் என்பதால், கார்டை ஆட்டிப் பார்த்த பிறகே ஏறுகிறேன். அதுவரை அவர் ஸ்டார்ட் செய்யக் கூடாது. நான் சொல்வது காதில் விழ வேண்டுமல்லவா.