தாளம் தப்பாத விக்கல்

அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைத்தபோது எனக்கு எட்டு வயது. வீட்டிலேயே அதைப் பற்றி அதிகம் தெரிந்தவள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதிலிருந்து இதயத்துக்குள் போகிற மெல்லிய வயருக்குப் பெயர் லீட். அது தட்டிக் கொடுக்காவிட்டால் அப்பாவின் இதயம் இடையிடையே நின்றுவிடும். லீட் உள்ளே நன்றாகப் பிடிக்கும்வரை இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. ஸ்ட்ராத்ஃபீல்ட் பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு முழுவதற்கும் இதைப் படம் போட்டு விளக்கியிருந்தேன்.

அப்பாவும் ஒழுங்காகத்தான் இருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலில் திரை விலகி, மணி அடித்து, தீபம் எழுந்ததும் அவருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்க் குவிந்துவிட்டன. டொக்டர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இந்தப் பழக்கமோ நடக்கப் பழகிய நாள் தொட்டு.

வீட்டுக்கு வந்ததும் விக்கல் தொடங்கியது. பெரியம்மா தண்ணீர் கொடுத்தார், சீனி கொடுத்தார், யாரோ நினைக்கினம் என்று யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பார்த்தார். இவ்வளவு நேரம் தன்னை நினைக்கிற ஆள் ஊரில் ஒருத்தரும் இல்லையென்று அப்பா விக்கிக்கொண்டே சிரித்தார்.

எனக்கோ கொண்டாட்டம். மிருதங்க வகுப்பில் நான் கெட்டிக்காரி. விக்கலுக்கு மேசையில் தட்டினேன். வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"அம்மா, இங்க கேளுங்கோ. அப்பா தாளம் தப்பாமல் விக்கிறார்."

குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்த அம்மா, அப்பாவின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என் தட்டலைக் கொஞ்சநேரம் கேட்டார்.

"இது விக்கல் இல்லை. காரில ஏறுங்கோ."

லீட் நகர்ந்து, இதயத்தைத் தட்டவேண்டியது வயிற்றுக்கு மேலேயுள்ள தசையை ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்ததாம். ஆஸ்பத்திரியில் திரும்பப் பொருத்தி அனுப்பினார்கள்.

அதன்பிறகு கோயிலில் திரை விலகும் நேரம், வழக்கமாகப் பெண்கள் பக்கம் நிற்கும் அம்மா அப்பாவின் இடப்பக்கம் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார். இருவருமே ஒற்றைக் கையால் கும்பிடுவார்கள்.

லீட் நன்றாகப் பிடித்துவிட்டது, இனிக் கையைத் தூக்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகும் அம்மா விடவில்லை. நான் பொறுப்போடு நினைவூட்டினேன்.

"ஓம், தெரியும்," என்றார், கையை விடாமலே.

டொக்டர் சொன்னது அம்மாவுக்குச் சரியாக விளங்கவில்லை போல என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் இன்னொரு படம் வரைந்து காட்டினேன்.