நீலத் தோங்கில் பிடித்த தண்ணீர்

ஜெராம் ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் என் அக்கா குடியிருந்தாள். அங்கே குழாயில் அடிக்கடி தண்ணீர் நின்றுவிடும். அதனால் மாமா, அதாவது அவள் கணவர், தோட்டத்து ஸ்டோரில் காலியாகக் கிடந்த நீலப் பிளாஸ்டிக் தோங் ஒன்றைக் கொண்டுவந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்தார். செம்பனைப் புழுவுக்கு அடிக்கும் மருந்து வந்த பீப்பாய் அது. லயத்தில் பாதி வீடுகளில் அப்படி ஒன்று இருந்தது.

முதல் மழையிலேயே தோங் நிரம்பியது. மறுநாள் மாமா வேலைக்குப் போன பிறகு அக்கா அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டு, அதிலேயே தேத்தண்ணீர் போட்டுக் குடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் அவள் வாயில் நுரை தள்ளக் கிடந்ததைப் பார்த்தார்.

நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததும் டாக்டர் கேட்டார். “வீட்டுல சண்டையா? மருந்து குடிச்சாங்களா?”

அக்காவால் பேச முடியவில்லை. கண்ணின் கருமணி கடுகாகச் சுருங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். நான் நம்பினேன். வேறு யாரும் நம்பவில்லை. அடுத்த நாள் போய்விட்டாள்.

சாவு வீட்டில் அம்மா மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “மருந்து குடிக்கிற அளவுக்கு எம்பொண்ண என்னடா பண்ண?”

பூச்சி மருந்தால் வந்த சாவு என்று டாக்டர் தகவல் கொடுத்ததால் சுகாதார இலாகாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தோங்குத் தண்ணீரைப் புட்டிகளில் எடுத்துப் போனார்கள். சில வாரம் கழித்துத் திரும்பி வந்து, வீடு வீடாகப் போய், மருந்துத் தோங்குகளை எல்லாம் இரும்புக் கம்பியால் குத்தி ஓட்டை போட்டார்கள். அவர்களோடு ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி இருந்தார்.

“ஓட்ட போட்டுட்டா தண்ணிய எதுல பிடிக்கிறது லா?” என்று ஒருத்தி சத்தம் போட்டாள். அவள் கைக்குழந்தையை அப்படி ஒரு தோங்குத் தண்ணீரில்தான் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

“புது தோங் கொடுக்கச் சொல்லி தோட்டத்துக்கு உத்தரவு போட்டுட்டோம்கா. இத எத்தன தடவ கழுவுனாலும் மருந்து போவாது. பிள்ளைய கிளினிக்குக்குக் கொண்டாங்க, ரத்தம் பாக்கணும்.”

பிறகு அந்த அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். “உங்க மக சாவணும்னு குடிக்கலம்மா. தண்ணியிலதான் மருந்து இருந்திருக்கு.”

அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவரோடு வந்து கதவோரம் நின்ற மாமா சொன்னார்: “நாந்தான், அத்த, அந்தத் தோங்கக் கொண்டாந்தேன்.”

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

லயத்தில் இருந்த அந்தக் கைக்குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று கிளினிக்கில் சொன்னார்கள். மாமா இப்போது பாகான் நக்கோடா ஓமார் என்ற மீனவக் கிராமத்தில் மீன் லோரி ஓட்டுகிறார். தீபாவளிக்கு நான் கூப்பிட்டால், வேலை இருக்கிறது என்பார்.