பூட்டிய லேப்

எழுபதுகளில் தில்லியில் நான் படித்த அரசுப் பள்ளி கூடாரங்களில் நடந்தது. செங்கல் அறை ஒன்றே ஒன்று, அதுதான் லேப். எப்போதும் பூட்டியே இருக்கும். கேட்டால், "சாமான் உடைஞ்சிடும்" என்று பியூன் ஹிந்தியில் விரட்டுவார். உள்ளே ஒரு மண்ணும் இல்லை என்பது என் சந்தேகம்.

"சர்க்கார் பணம் குடுத்தாச்சுடா, உளறாதே" என்பார் மத்திய அரசு குமாஸ்தாவான அப்பா.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று கதவு திறந்தது. பச்சைத் துணி விரித்த மேஜையில் மைக்ராஸ்கோப்புகள் பளபளத்தன. வீட்டில் சொன்னேன்.

"பாத்தியா?" என்றார் அப்பா.

மறுநாள் சாயங்காலம், வேறு பள்ளியில் படித்த தங்கை ஓடிவந்தாள். "அப்பா, எங்க ஸ்கூலுக்கு மைக்ராஸ்கோப் வந்திருக்கு! பச்சைத் துணியில சுத்தி, டெம்போல!"

அப்பா பேப்பரை மடித்தார். "இன்ஸ்பெக்‌ஷன் நாளைக்கா?"

"ஆமாம்ப்பா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"